பொழுதுபோக்கும் பொதுநலமும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. இரும்பை அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்தின் பல பகுதிகளை வெள்ளம் சூழ்ந்தது. பாடநூல்களை இழந்த மாணவர்களுக்குப் புதிய நூல்கள் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. ஆயினும், வெள்ளம் புகுந்த பள்ளி இழப்பவை பாடநூல்கள் மட்டுமல்ல. நூலக நூல்களும் ஆய்வகக் கருவிகளும் பழைய பதிவேடுகளும் பாழாகின்றன. அவற்றை மீட்கத் துணைநிற்பவர் யார்?

ஒத்த ஆர்வத்தால் இணைந்தோர் பேரிடரில் துணைநிற்க இயலும் என்பதற்குச் சான்று உண்டு. 2004 டிசம்பரில் பொழுதுபோக்கு வானொலி ஆர்வலர் குழுவொன்று, உலகெங்குமுள்ள வானொலி அன்பர்களுடன் உரையாடுவதற்காக அந்தமானுக்குச் சென்றிருந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது, தொலைத்தொடர்பு அறுந்தது. பாரதி பிரசாத் தலைமையிலான அக்குழுவினர், தம் கருவிகளின்வழி தீவுகளின் நிலையை வெளியுலகிற்கு அறிவித்தனர். உறவினரைத் தேடித் தவித்தோருக்குச் செய்தி பெற்றுத் தந்தனர். பொழுதுபோக்காகப் பழகிய திறனே அன்று உயிர்காக்கும் பணிக்கு உதவிற்று.

இன்று இணையத்தால் இணைந்துள்ள ஆர்வலர் குழுக்களுக்கும் இவ்வழி பொருந்தும். ஒளிப்படக் கலைஞர்கள், நனைந்த பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காக்கலாம். நூல் ஆர்வலர்கள், வகுப்புக்கேற்ற நூல்களைத் திரட்டி நூலகத்தை மீண்டும் நிரப்பலாம். எனினும், தலைமையாசிரியரிடம் தேவைப் பட்டியலைக் கேட்டுப் பெறுவதே முதற்பணி. கேளாமல் குவிக்கும் பொருள் இடத்தை அடைக்குமேயன்றி இழப்பை ஈடுசெய்யாது. தேவையறிந்து செய்யும் உதவியே பள்ளியை மீண்டும் பள்ளியாக்கும்.