பிரேசர் மலையில் பட்சிகளைத் தேடி

வெளிநாட்டுப் பிரயாணத்தில் அறியாத பட்சி ஒன்று எதிர்ப்படும்போது, பெயரைத் தேடிப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன், அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று நிச்சயித்துக்கொள்வதே உத்தமம் என்பதை மலேசியாவின் பிரேசர் மலையில்தான் நான் நன்றாக உணர்ந்தேன். கோலாலம்பூருக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், ஈய வியாபாரம் செய்து பின்பு போன சுவடு தெரியாமல் மறைந்துவிட்ட ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் அந்த மலைவாசஸ்தலத்தில், மேகம் அடிக்கடி மரங்களினூடே புகுந்து திரிவதால், வர்ணத்தை மட்டும் நம்புகிறவன் ஏமாந்தே போவான். அலகின் வடிவம், வாலின் நீளம், கிளையில் உட்காரும் தோரணை ஆகியவை மூடுபனியிலும் பொய் சொல்வதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் துடுப்புவால் கரிச்சானைப் பார்த்துப் பழகியவனுக்கு, அங்கே நீண்ட இரு கம்பிகளின் முனையில் துடுப்புகள் ஆடக் கண்டதுமே குடும்பம் விளங்கிவிடும். ஆயினும் நெற்றியில் கொண்டை இல்லை, வால் நேராக முடிகிறது என்பனவற்றையும் கவனித்தால், அது இமயமலை முதல் ஜாவா வரை பரவியுள்ள சிறிய இனம் என்பது தெளிவாகும். கரிச்சானைக் கண்டவுடன் காமிராவை ஆயத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பல ஜாதிப் பட்சிகள் ஒரே கூட்டமாக இரை தேடிச் செல்லும்போது, இலைகளினின்றும் கலைந்தெழும் பூச்சிகளைப் பிடிப்பதற்காக அதுவும் உடன் வருவது வழக்கம். சில நிமிஷங்களில் கூட்டம் கடந்துவிடும். எல்லாவற்றையும் படமெடுக்க ஆசைப்படாமல் ஒன்றையே பின்தொடர்வது மேல்.

விடியற்காலையில் கட்டடங்களின் விளக்கடிக்குப் போவதைத்தான் நான் முக்கியமாகச் சிபாரிசு செய்வேன். இரவெல்லாம் வெளிச்சத்தில் மயங்கிச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் விட்டில்களைத் தின்ன, நீள்வால் சிபியாவும் வெள்ளிச்செவி மெசியாவும் மனிதனைச் சட்டை செய்யாமல் இறங்கி வரும். மெசியாவின் கரிய தலையில், கன்னத்தில் வெள்ளிக்காசு பதித்தாற்போன்ற திட்டும், மஞ்சள் அலகும், இறக்கையில் செந்நிறமும் அப்போது பிரத்தியட்சமாகத் தெரியும். வெண்மேகம் பின்னணியானால் காமிரா தானே நிர்ணயிக்கும் வெளிச்சத்தில் பட்சி கறுத்துவிடும். ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்க. ஐ.எஸ்.ஓ. 3200 வரை போனாலும் பாதகமில்லை, ஷட்டர் மட்டும் 1/500 வினாடிக்குக் குறையாமலிருக்கட்டும்: புள்ளி விழுந்த படத்தைக் கொண்டு இனம் கண்டுவிடலாம், அசைந்த படத்தைக் கொண்டு முடியாது. அலகும் வாலும் தெரியும் சாட்சிப் படம் கைக்கு வந்த பின்பே அழகைப் பற்றி யோசிப்பது என் வழக்கம்.

காதுக்கும் அங்கே பயிற்சி வேண்டும். மெல்லத் தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போகும் ஓர் இரைச்சலைச் சில்வண்டு என்றெண்ணிப் புதியவர்கள் கடந்துபோவார்கள். அது, அலகின் அடியில் செந்நிறக் குச்சம் உடைய பச்சைக் குக்குறுவானின் குரல். அத்தகைய குரலைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டால் பிற்பாடு சரிபார்க்கலாம். ஆனால் அதையே ஒலிக்கவிட்டுப் பட்சியை வரவழைக்கும் சிலரின் உபாயம் எனக்குச் சம்மதமில்லை. தன் எல்லைக்குள் எதிரி புகுந்தான் என்று அது இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அலைக்கழியும். அதற்குப் பதில், பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடித்து அதனடியில் காத்திருக்கலாம். பழம் தீரும்வரை குக்குறுவான் அங்கே வந்துகொண்டேயிருக்கும்.