தையல் பெண்கள் கட்டிய சங்கம்



"நாம நாலு பேர் கேட்டு என்ன ஆகப்போகுது?" என்று குழுக் கூட்டத்தில் சில அக்காமார் சொல்வதுண்டு. அவர்களுக்காகவே இந்த மாதப் பாடம். இது அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில் நடந்த உண்மைச் சம்பவம்.

அன்றைய நிலைமை

1900களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் பெண்களின் மேல்சட்டை தைக்கும் கம்பெனிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தைத்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலி, ரஷ்யா பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்கள். பலருக்கு 16, 18 வயதுதான். சீசன் வந்தால் ராத்திரி வரை வேலை. ஊசிக்கும் நூலுக்கும்கூட கூலியில் பிடித்தம் செய்த முதலாளிகள் உண்டு. 1900ல் ஆடைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தில் பலர் சேரவில்லை.

ஒரு பெண் எழுந்தாள்

1909 நவம்பர் 22 அன்று பெரிய கூட்டம் நடந்தது. தலைவர்கள் மாறி மாறிப் பேசினார்கள். முடிவுதான் வரவில்லை. கிளாரா லெம்லிச் என்ற இளம் தையல் தொழிலாளி மேடையேறினார். பேசியது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று தன் தாய்மொழியான இட்டிஷ் மொழியிலேயே சொன்னார். கூட்டமே கை உயர்த்தி உறுதிமொழி எடுத்தது.

சுமார் 20,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். கடுங்குளிர், அடி, கைது எல்லாவற்றையும் தாங்கினார்கள். 1910 பிப்ரவரியில் போராட்டம் முடிந்தபோது 300க்கும் மேற்பட்ட கம்பெனிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தன. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது.

ஆனால் டிரையாங்கிள் என்ற பெரிய கம்பெனி சங்கத்தை ஏற்கவே இல்லை.

பூட்டிய கதவு

1911 மார்ச் 25, சனிக்கிழமை. அந்தக் கம்பெனியில் தீப்பிடித்தது. கம்பெனி இருந்தது 8, 9, 10வது மாடிகளில். துணி திருடு போகும் என்று 9வது மாடியில் ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். வெளிப்பக்க இரும்புப் படி பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்பு ஏணி 6வது மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். அதில் 123 பேர் பெண்கள். நீதிமன்றம் முதலாளிகளை விடுதலை செய்தது. பிறகு வழக்குப் போட்ட குடும்பங்களுக்குக் கிடைத்தது உயிருக்கு 75 டாலர்!

சட்டம் வந்தது

சங்கமும் பொதுமக்களும் சும்மா இருக்கவில்லை. நியூயார்க் மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதன் பரிந்துரையால் தீப் பாதுகாப்பு, வேலை நேரம் பற்றி 30க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன.

அந்தத் தீயை நேரில் பார்த்தவர் பிரான்சஸ் பெர்க்கின்ஸ் என்ற சமூகப் பணியாளர். அவரே 1933ல் நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். 1935ல் சங்கம் சேரும் உரிமைக்கும், 1938ல் குறைந்தபட்சக் கூலிக்கும் நாடு முழுவதற்குமான சட்டங்கள் வந்தன. ஆனாலும் பாருங்க, வயல் வேலை, வீட்டு வேலை செய்தவர்களை அந்தச் சட்டங்கள் அப்போது சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தனியாகப் போராட வேண்டியிருந்தது.

நாம் கற்பது என்ன?

ஒருத்தி கேட்டால் வேலை போகும். இருபதாயிரம் பேர் கேட்டபோது முதலாளி ஒப்பந்தம் போட வந்தார். அதே சமயம், கூலியோடு பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உயிர் போன பிறகு வரும் சட்டம் போனவர்களுக்கு உதவாது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. கிளாரா அன்று எழுந்து பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. நம் குழுவில் பேசத் தயங்கும் உறுப்பினர் யார்? அவரைப் பேச வைப்பது எப்படி?
3. நீங்களோ உங்கள் பிள்ளைகளோ வேலை செய்யும் இடத்தில் அவசர வழி எங்கே இருக்கிறது? அது திறந்திருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள், அடுத்த கூட்டத்துக்குள் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.