ஆங்கிலத்தில் ‘அல்’ முதற்சொற்கள் – ஓர் ஆய்வு

சென்ற கல்வியாண்டில், அலங்காநல்லூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து பயிலும் இளங்கலை மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் குறிப்பேடு ஒன்றுடன் நம்மிடம் வந்தார். பள்ளிப்படிப்பைத் தமிழ்வழியில் முடித்தவர். சிறுவயதில் மதரசாவில் ஓதியவர். ஆங்கிலத்தின்பால் கொண்ட அச்சம் நீங்கவேண்டி அகராதியை அகரவரிசைப்படி மனப்பாடம் செய்யத் தொடங்கியிருந்தார். ‘ஏ’, ‘எல்’ என்னும் ஈரெழுத்தில் தொடங்கும் சிறு சொற்களாகவே நாற்பதுக்கு மேல் எழுதியிருந்தார். “ஐயா, இவையெல்லாம் அரபுச் சொற்கள்தாமே? எல்லாவற்றிற்கும் முன்னால் ‘அல்’ நிற்கிறதே” என்று வினவினார்.

இதனை நகைத்து ஒதுக்க நமக்குத் தகுதியில்லை. பல்லாண்டுகட்கு முன்னர் ஒரு மீலாது விழா மேடையில் நாமே இப்பிழையைச் செய்திருக்கிறோம். ‘அலாரம்’, ‘ஆல்பம்’ ஆகிய சொற்கள் அரபுலகம் ஆங்கிலத்திற்கு வழங்கிய கொடை என்று முழங்கினோம்; கைதட்டலும் பெற்றோம். கூட்டம் கலைந்தபின் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, “தம்பி, இரண்டும் இலத்தீன் குடும்பத்துச் சொற்கள். பேசுமுன் அகராதியைப் புரட்டியிருக்கலாமே” என்றார். அவர் அதனை மேடையில் சொல்லாமல் விட்டது அவர்தம் பெருந்தன்மை. அன்றுமுதல் ஒரு சொல்லின் பொருளோடு பிறப்பையும் பார்ப்பது நம் வழக்கமாயிற்று. மாணவருக்கு நாம் கூறிய விடையையே இங்கு விரித்து எழுதுகிறோம்.

அரபியில் ‘அல்’ என்பது தனிப்பொருள் தரும் சொல்லன்று. ஆங்கிலத்தின் ‘தி’ போலப் பெயர்ச்சொல்லின் முன் ஒட்டி நிற்கும் குறிப்புச் சொல். தமிழில் இதற்கு நேரான ஒன்று இல்லை. வரும் எழுத்தை நோக்கி இதன் லகரம் திரிவதும் உண்டு. ‘அல்ஹம்து’ என்னுமிடத்து லகரம் நிலைக்கிறது; ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்னுமிடத்து ‘அல்’ என்பது ‘அஸ்’ என ஆகிறது. நம் புணர்ச்சி இலக்கணத்தில் ‘பல்+பொடி’ ‘பற்பொடி’ ஆவதைக் கற்ற மாணவர்க்கு இது புதுமையன்று.

இந்த ‘அல்’ ஐரோப்பிய மொழிகளில் ஏறியமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கி.பி. 711இல் முஸ்லிம்கள் ஸ்பெயினுள் நுழைந்தனர். 1492இல் கிரானடா வீழும்வரை அந்நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியிலேனும் அவர்தம் ஆட்சி இருந்தது. அக்கம்பக்கத்தில் வாழ்ந்த மக்கள், கேட்ட சொல்லைக் கேட்டவாறே ‘அல்’லோடு சேர்த்து எடுத்துக்கொண்டனர். எனவேதான் ஸ்பானியத்தில் பஞ்சு ‘அல்கொதோன்’; சர்க்கரை ‘அசூகர்’. இத்தாலியர் அவற்றையே ‘அல்’ நீக்கிப் பெற்றனர். ஆங்கிலத்தின் ‘காட்டன்’, ‘சுகர்’ ஆகியன இவ்வாறு தலையிழந்து வந்தவை. அந்தச் ‘சுகர்’ அரபியின் ‘சுக்கர்’. அதற்கு மூலம் வடமொழியின் ‘சர்க்கரா’. அலங்காநல்லூர்க் கரும்புத் தோட்டத்தில் நாம் ‘சர்க்கரை’ எனச் சொல்வதும் ஆங்கிலேயர் ‘சுகர்’ என்பதும் ஒரு தாய் மக்களே!

உண்மையான ‘அல்’ முதற்சொற்களுள் தலையாயது ‘அல்ஜீப்ரா’. கலீபா அல்மஃமூன் (ஆட்சி 813–833) காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி என்னும் கணித மேதை எழுதிய நூலின் பெயரில் ‘அல்ஜப்ர்’ என்னும் சொல் வருகிறது. அந்நூலை 1145இல் செஸ்டர் நகரத்து ராபர்ட் இலத்தீனில் பெயர்த்தார். ‘ஜப்ர்’ என்பது குறைந்ததை நிறைத்தல், முறிந்ததைச் சேர்த்தல். ஓர் எண்ணிலிருந்து மூன்றைக் கழிக்க ஏழு வருகிறது எனின், கழித்த மூன்றை இருபுறமும் மீளக் கூட்டி எண்ணை முழுமையாக்குகிறோமல்லவா, அதுவே ‘ஜப்ர்’. முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுதலுக்கும் இச்சொல்லே வழங்கியது. ஸ்பானியத்தில் ‘அல்ஹெப்ரிஸ்தா’ என்றால் எலும்பு வைத்தியர்; செர்வாண்டிசின் ‘டான் குவிக்சோட்’ இரண்டாம் பாகத்தில் (1615) இப்படியொருவர் அடிபட்டவனுக்கு மருத்துவம் செய்கிறார். ஜல்லிக்கட்டு நடக்கும் ஊரிலிருந்து வந்த நம் மாணவருக்கு இவ்விளக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. கணினித் துறையினர் ஓயாது கூறும் ‘அல்காரிதம்’ என்பதோ, அக்கணித மேதையின் பெயரே இலத்தீனில் உருத்திரிந்து வந்தது.

‘ஆல்கஹால்’ என்னும் சொல்லின் கதை வியப்பிற்குரியது. நம் பெரியவர்கள் கண்ணிலிடும் சுருமாவை அரபியர் ‘குஹ்ல்’ என்பர். ‘அல்குஹ்ல்’ ஐரோப்பாவில் முதலில் நுண்ணிய தூளையும், பின்னர் ஒரு பொருளைக் காய்ச்சி எடுத்த சாரத்தையும், இறுதியில் மதுவின் சாரத்தையும் குறித்தது. கண்ணுக்கு இடும் மையின் பெயர் அறிவை மயக்கும் பொருளுக்குச் சென்றடைந்தது; அரபியில் அச்சொல் இன்றும் கண்ணைவிட்டு அகலவில்லை. ‘ஆல்கலி’ (காரம்) உவர்நிலச் செடிகளைச் சுட்ட சாம்பலைக் குறித்த ‘அல்கலீ’. சுவரில் அமைந்த மாடத்தைக் குறிக்கும் ‘ஆல்கோவ்’, நாம் குப்பா என வழங்கும் ‘அல்குப்பா’.

இனி, அரபு அல்லாதன. நம் மாணவரின் பட்டியலில் இவையே மிகுதி. ‘ஆல்சோ’, ‘ஆல்மோஸ்ட்’, ‘ஆல்வேஸ்’, ‘ஆல்ரெடி’ ஆகிய நான்கும் ‘எல்லாம்’ எனப் பொருள்படும் ‘ஆல்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு பிற சேர்ந்து பிறந்தவை. தனிச்சொல்லாக நிற்கையில் இரண்டு ‘எல்’, கூட்டில் ஒன்று. மாணவர் பலர் விடைத்தாளில் இழக்கும் மதிப்பெண் இங்கேதான். ‘அலோன்’ என்பதும் ‘ஆல்’, ‘ஒன்’ சேர்ந்ததே; முற்றிலும் ஒருவராய் இருத்தல். பிற்காலத்தார் அதன் முதலெழுத்தை வெட்டி ‘லோன்’, ‘லோன்லி’ என ஆக்கினர். ‘ஏல்’ என்னும் பார்லி மது ஆல்கஹாலுக்கு உறவு போலத் தோன்றும். அது பழைய ஆங்கிலச் சொல், உறவு ஏதுமில்லை.

‘ஏலியன்’ (அயலார்), ‘ஏலியாஸ்’ (மாற்றுப்பெயர்), ‘அலிபை’ (குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தமை) ஆகிய மூன்றும் ‘வேறு’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரின. காவல்நிலையப் பதிவில் இருபெயர்களின் நடுவே வரும் ‘என்கிற’ என்பதே ‘ஏலியாஸ்’ என்றால் எவரும் மறவார். ‘ஆல்பம்’ வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் வேரில் பிறந்தது. எழுதப்படாத வெள்ளை ஏடு. தருமத்தைக் குறிக்கும் ‘ஆம்ஸ்’ என்பதில் ‘எல்’ எழுத்தில் உண்டு, ஒலிப்பில் இல்லை. இரக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் தேய்ந்து அவ்வளவாயிற்று. நாம் மேடையில் தடுக்கி விழுந்த ‘அலாரம்’ இத்தாலியப் படைவீரரின் கூக்குரல்: ‘ஆயுதம் எடுங்கள்!’ முதலையைக் குறிக்கும் ‘அலிகேட்டர்’ ஸ்பானியத்தின் ‘எல் லகார்த்தோ’, அதாவது பல்லியினம். இங்கும் ஒட்டிவந்தது குறிப்புச் சொல்லே, ஆனால் அரபியினுடையதன்று.

தமிழிலும் இம்மயக்கம் உண்டு. “அப்படியாயின் அல்வா, ஐயா?” என்றார் மாணவர். அல்வா அரபுதான், ஆயினும் அதன் ‘அல்’ குறிப்புச் சொல் அன்று. ‘ஹல்வா’ என்பதன் ஹகரம் நம் நாவில் தேய்ந்தது. ‘அலமாரி’ போர்ச்சுகீசியர் விட்டுச்சென்றது. தமிழுக்கே உரிய ‘அல்’ ஒன்று இருக்கிறது. அது இரவையும் குறிக்கும், ‘அல்லாதது’ என்னும் மறுப்பிற்கும் வேராகும். மறுபுறம், ‘அல்’ சிறிதும் இன்றியே எத்தனை அரபுச் சொற்கள் நம்மிடம் வழங்குகின்றன! வக்கீல், வசூல், ரத்து, ஜாமீன், அசல், நகல். கரும்பு விவசாயி ‘மகசூல்’ என்பதும், ஆலை தரவேண்டிய ‘பாக்கி’ என்பதும் அரபே. இவை பாரசீகத்தின் வழியாக ஆட்சி அலுவலகங்களில் புகுந்தவை. பாரசீகத்தில் ‘அல்’ போன்ற முன்னொட்டு இன்மையால் சொற்கள் தனித்தே வந்தன. தொல்காப்பியர் திசைச்சொல் என ஒரு வகை வகுத்தார். எத்திசையிலிருந்து எவ்வழியே வந்தது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

ஆங்கிலச் சொற்கள் யாவும் தமிழிலிருந்து சென்றன என மேடையில் முழங்குவோர் நம் துறையிலும் உளர். அன்னாரும், அன்று மீலாது மேடையில் நின்ற நாமும் ஒரே பிழையைச் செய்தவர்கள். முதலெழுத்தைக் கண்டு குலத்தை முடிவுசெய்தோம். அலங்காநல்லூர் வாடிவாசலில் காளைகள் அனைத்தும் ஒரே வாயிலாகவே வெளிவருகின்றன. ஆயினும் ஒவ்வொன்றும் எவ்வூர்க்காளை, எவருடைய காளை என்று ஒலிபெருக்கியில் கூறிய பின்னரே அவிழ்க்கின்றனர். அகராதியில் சொல்லின் பொருளுக்கு முன்னோ பின்னோ சிறிய எழுத்தில் அச்சிடப்பெறும் பிறப்புக் குறிப்பே அந்த அறிவிப்பு. ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் நம் நூலகங்களில் பெரும்பாலும் திறக்கப்படாமலே இருக்கின்றன.

அம்மாணவர் தம் பட்டியலை மூன்று பத்திகளாகப் பிரித்து மறுவாரம் கொண்டுவந்தார். அரபு பன்னிரண்டு, ‘ஆல்’ குடும்பம் ஒன்பது, மற்றவை இலத்தீன், இத்தாலியம் முதலியன. ஒரு சொல் மட்டும் எப்பத்தியிலும் சேராமல் கீழே தனியே நின்றது. பஞ்சாங்கத்தைக் குறிக்கும் ‘அல்மனாக்’ அது. ஸ்பெயினின் அரபு வழக்கிலிருந்து வந்தது என்பர். ‘அல்’ நீங்கலான பகுதியின் மூலம் யாது என்பதில் அறிஞரிடையே இன்றளவும் உடன்பாடில்லை. “இதை எங்கே எழுதுவது, ஐயா?” என்றார். அங்கேயே இருக்கட்டும் என்றோம்.