வாடகை வீட்டில் கேஸ்: இணைப்பு யார் பெயரில், சோதனை யார் கையில்?

பிரிட்டனில் வீட்டை வாடகைக்கு விடுபவர், ஆண்டுக்கு ஒருமுறை பதிவுபெற்ற மெக்கானிக்கை அழைத்து கேஸ் அடுப்பையும் குழாயையும் சோதித்து, அந்தச் சான்றைக் குடியிருப்பவரிடம் கொடுத்தாக வேண்டும். 1998-ஆம் ஆண்டு விதி அது. நமக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறதே தவிர, கேஸ் சான்றிதழ் கேட்பதில்லை. ஆகவே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் மாடி போர்ஷன் விடுபவரும், கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீட்டை விடுபவரும் தாங்களாகவே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் முடிவு, இணைப்பு யார் பெயரில் என்பது. வீட்டுக்காரர் தன் இரட்டை சிலிண்டரில் ஒன்றை மாடிக்கு ஏற்றிவிடுவது இங்கே சர்வ சாதாரணம். குடிவருபவருக்கு அலைச்சல் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீட்டை நினைத்துப் பாருங்கள். கேஸ் விபத்தில் உயிர் போனால் ஆளுக்கு 6 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. ஆனால் பொருள் சேதத் தொகை இணைப்பு பதிவான முகவரியில் நடந்த விபத்துக்கு மட்டும்தான். கீழ்வீட்டுப் பெயரில் இருக்கும் சிலிண்டர் மாடியில் வெடித்தால் அந்தக் கணக்கு சிக்கலாகிவிடும். அதனால் சமைப்பவர் பெயரில், சமைக்கும் முகவரியில் இணைப்பு இருப்பதே நல்லது என்பேன். ஏற்கெனவே இணைப்பு இருந்தால் ஏஜென்சியில் முகவரி மாற்றிக்கொள்ளலாம். ஓராண்டு, ஈராண்டு தங்கும் மாணவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையைக் காட்டியே வாங்கலாம். எடைக்கு எடை பார்த்தால் விலை அதிகம், குடும்பச் சமையலுக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது, சோதனை. சிலிண்டர் போட வருபவரே டியூப், ரெகுலேட்டர், அடுப்பு வைத்திருக்கும் இடம் ஆகியவற்றை இலவசமாகப் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு சில ஆண்டுகளாக இருக்கிறது. நல்ல ஏற்பாடு, கேட்டுப் பெறுங்கள். ஆனால் வாசலில் வண்டி நிற்க, அவசரத்தில் பார்ப்பது மேலோட்டமாகத்தான் இருக்கும். ஏஜென்சி மெக்கானிக் வந்து செய்யும் கட்டாயச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை, ஜி.எஸ்.டி.யோடு 236 ரூபாய். படிவத்தை நிரப்பி இருவரும் கையெழுத்துப் போடுவதால் கையில் ஒரு காகிதம் நிற்கும். சான்றிதழ் என்று நம் ஊரில் சொல்லத்தக்கது அதுதான். வீட்டுக்காரர்கள் 5 ஆண்டு காத்திருக்காமல், ஆள் மாறும்போதெல்லாம் இதைச் செய்துவிட வேண்டும். கடைத்தெரு அடுப்பு மெக்கானிக்கை பர்னர் அடைப்பு நீக்கவும் குமிழ் மாற்றவும் கூப்பிடலாம். ரெகுலேட்டரை மட்டும் அவரிடம் விட வேண்டாம், பழுதானால் ஏஜென்சியில்தான் மாற்ற வேண்டும். ‘கேஸ் செக்கிங்’ என்று தானாகக் கதவைத் தட்டுபவரை, ஏஜென்சிக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகே உள்ளே விடுங்கள்.

யார் பார்த்தாலும் டெல்டா வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது எலி. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இருக்கும் எலி வீட்டுக்கு வரும். கிட்டி வைத்துப் பிடிக்கிற ஊர் இது. மேடைக்குப் பின்பக்கம், சுவரோடு ஒட்டிக் கிடக்கும் டியூபைத் திருப்பிப் பார்த்தால் பொடிப் பொடியான பல்தடம் தெரியும். சாதாரண ரப்பர் டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே கம்பி வலை ஓடும் சுரக்‌ஷா டியூபையே மாட்டுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். 5 ஆண்டில் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது காற்று. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். பழைய வீட்டின் பள்ளமான முற்றமும் புது வீட்டில் மேடைக்கடியில் கதவு போட்டு அடைத்த அலமாரியும் ஒன்றுபோல் ஆபத்து. அலமாரிக் கதவின் அடிப்பக்கத்தில் துளை போட்டு, வெளிக்காற்று புகவும் வழி செய்யுங்கள். வாடகைக்கு என்று கொல்லையில் கீற்றுச் சார்ப்பு இறக்கி அடுப்பு வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீ, சமையற்கூடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவியதுதான்.

மெக்கானிக் பார்த்துவிட்டார் என்று குடியிருப்பவர் சும்மா இருக்க முடியாது. ஒவ்வொரு புது சிலிண்டர் மாட்டும்போதும் சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டர் கழுத்திலும் டியூபின் இரு முனையிலும் தடவிப் பாருங்கள். குமிழ் எழுந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது கூடவே கூடாது. நாற்றம் அடித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவாமி விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டு, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் 1906-க்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். வாடகை ஒப்பந்தத்தோடு சோதனைப் படிவத்தின் நகலைச் சேர்த்துத் தைத்து, அந்த எண்ணையும் ஏஜென்சி எண்ணையும் அதன் முகப்பில் எழுதிக் கொடுப்பது வீட்டுக்காரர் வேலை.