வாழைமர நோட்டு நடத்திய பாடம்

பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடத்தைத் தொடங்கும் முன், "வீட்டில் அந்தக் காலத்துப் பொருள் ஏதாவது இருந்தால் பெரியவர்களிடம் கேட்டுக் கொண்டு வாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். தாம்பரத்தை அடுத்த சேலையூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் நான்காக மடித்த பழைய நோட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். அதில் குலை தள்ளிய வாழைமரப் படமும் பத்து டாலர் என்ற மதிப்பும் இருந்தன. மேலே 'ஜப்பானிய அரசு' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. "செல்லாத நோட்டா சார்?" என்று ஒரு குரல் கேட்க, வகுப்பே சிரித்தது. கொண்டுவந்தவர் தலை குனிந்துகொண்டார்.

கிழிந்துவிடக் கூடாதே என்று அன்று மாலையே அதை லேமினேஷன் செய்து கொடுத்தேன். அது நான் செய்த தவறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டின் பின்னணி

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. பிடித்த நாடுகளுக்கெல்லாம் ஜப்பான் தனித்தனியே நோட்டு அச்சிட்டது: மலாயாவுக்கு டாலர், பர்மாவுக்கு ரூபாய், பிலிப்பைன்சுக்குப் பெசோ. மலாயா நோட்டுகளில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். சேகரிப்பாளர்கள் இந்த முன்னெழுத்தைக் கொண்டே நாட்டைப் பிரித்தறிகின்றனர். பத்து டாலர் நோட்டின் படத்தால் 'வாழைமர நோட்டு' என்ற பெயர் நிலைத்தது.

தொடக்கத்தில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பின்னர் வந்தவற்றில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. தேவைப்பட்டபோதெல்லாம் அச்சிட்டுத் தள்ளினார்கள். சந்தையிலோ அரிசி இல்லை. தோட்டத் தொழிலாளர்கள் மரவள்ளிக்கிழங்கை நம்பி வாழ்ந்தனர். நோட்டு பெருகியது, பொருள் குறைந்தது, விலை பன்மடங்கு ஏறியது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் இந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. மாற்றாக எதுவும் தரப்படவில்லை.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. உற்று நோக்கல் (தொடக்க, நடுநிலை வகுப்புகள்): நமது பத்து ரூபாய் நோட்டையும் வாழைமர நோட்டின் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். நம் நோட்டில் வரிசை எண், ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம், அச்சிட்ட ஆண்டு ஆகியவை உண்டு. வாழைமர நோட்டில் ஆண்டும் இல்லை, கையொப்பமும் இல்லை. ஆனால் 'தருவதாக உறுதியளிக்கிறோம்' என்ற வாசகம் இரண்டுக்கும் ஏறக்குறைய பொது. "யார் உறுதி கொடுக்கிறார்கள்? அவர்கள் போய்விட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

2. பென்சில் ஏலம் (எட்டாம் வகுப்பு முதல்): ஐந்து பென்சில்களை மேசைமேல் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் வில்லைகள் கொடுத்து ஏலம் விடுங்கள். அடுத்த சுற்றில் தலைக்கு இருபது வில்லைகள் கொடுங்கள். பென்சில் அதே ஐந்துதான். விலைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். மூன்றாம் சுற்றுக்கு முன், "இனி இந்த வில்லை செல்லாது" என்று அறிவியுங்கள். சேர்த்து வைத்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்தால் போதும், பணவீக்கத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

3. வீட்டுப் பேட்டி: அந்த நோட்டு யாருடையது, எப்படி வந்தது என்று கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் செய்யுங்கள். நம் பகுதியில் நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர் உண்டு. மலாயா, பர்மா சென்று திரும்பிய முன்னோர் அவர்களில் சிலருக்காவது இருப்பர்.

பாதுகாக்கும் முறை

பழைய நோட்டை லேமினேஷன் செய்யக் கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமின்றிப் பிரிக்க முடியாது. சேகரிப்பாளர்களும் அத்தகைய நோட்டை ஒதுக்கிவிடுவர். செல்லோடேப் ஒட்டுவது, இஸ்திரி போடுவது, பேனாவால் எழுதுவது ஆகியவையும் கூடாது. கையைக் கழுவித் துடைத்தபின் ஓரத்தைப் பிடித்து எடுத்து, நோட்டு சேகரிப்போர் பயன்படுத்தும் தளர்வான உறையில் வைக்கலாம். விவரத்தை உறைமேல் எழுதிய பிறகே நோட்டை உள்ளே வைக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த நோட்டுகள் ஏராளமாக அச்சானவை. பெரும்பாலானவை அரியவை அல்ல. "பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம்" என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என மாணவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள். பழைய நோட்டு, நாணய விற்பனையில் தன் பெயரைச் சொல்லி மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது. போலி அச்சுகளும் சந்தையில் உண்டு. வசதியிருந்தால் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் சென்று, அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவைப் பார்த்து வரலாம்.

பாட்டி சொன்னது

ஒரு வாரம் கழித்து அந்த மாணவரின் பாட்டி பள்ளிக்கு வந்தார். லேமினேஷன் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார். எங்க அப்பா மலாயா தோட்டத்துல உழைச்ச கூலி இது. ஒரு கட்டு இருந்துச்சாம். கப்பல்ல ஊருக்குத் திரும்பறப்ப, ஒண்ணே ஒண்ண மட்டும் பெட்டியில வச்சுக்கிட்டு வந்தாரு. செல்லாதுன்னு அவருக்கும் தெரியும்" என்றார்.

மறுநாள் அந்த மாணவரையே வகுப்பில் இதைச் சொல்ல வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. "அந்தக் கட்டுக்கு ஒண்ணுமே குடுக்கலையா?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார். அன்றைய பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன்.