கம்ப்யூட்டர் அறைக்கு ஏசி: வாங்கும் முன் ஒரு கணக்கு

உத்திரமேரூரில் எங்கள் தெருவில் உள்ள அக்கா ஒருவர், மாடி அறையில் கம்ப்யூட்டர் வைத்து டைப்பிங் வேலை எடுத்துச் செய்கிறார். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து பகல் இரண்டு மணி ஆனால் போதும், கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். சேவ் செய்யாத பக்கங்கள் எல்லாம் போய்விடும்.

"ரூமுக்கு ஏசி போட்டாத்தான் சரியாகும்னு சொல்றாங்க தம்பி. வளையலை அடகு வைக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"பொறுங்கக்கா, முதல்ல ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். அந்தக் கணக்கு உங்களுக்கும் பயன்படும்.

ஏசி எண்ணம் எப்படி வந்தது?

1946-ல் அமெரிக்காவில் அறிமுகமான எனியாக் கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அது எடுத்துக்கொண்ட மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோவாட். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐபிஎம் 370 போன்ற மெயின்பிரேம்களுக்கும் குளிரூட்டிய தனி அறை தேவைப்பட்டது. "கம்ப்யூட்டர் என்றால் ஏசி" என்ற எண்ணம் அந்தக் காலத்தியது. நம் வீட்டுக் கம்ப்யூட்டர் அந்த ரகம் அல்ல.

வெப்பக் கணக்கு

ஒரு கம்ப்யூட்டர் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கிறதோ, அநேகமாக அத்தனையும் அறையில் வெப்பமாக மாறுகிறது. சாதாரண வேலையில் சிபியு, மானிட்டர் இரண்டுக்கும் சேர்த்து 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். 1 வாட் என்பது மணிக்கு 3.41 பிடியூ. எனவே 150 x 3.41 = சுமார் 512 பிடியூ.

1 டன் ஏசி மணிக்கு 12,000 பிடியூ வெப்பத்தை வெளியேற்றும். கம்ப்யூட்டரின் வெப்பம் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலே சுமார் 100 வாட் வெப்பம் தருகிறது! மாடி அறையைக் கொதிக்க வைப்பது மேலே உள்ள கான்கிரீட் தளமும் வெயில் படும் மேற்குச் சுவரும்தான்.

பிறகு ஏன் அணைகிறது?

பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், அது கெட்டுப்போகாமல் இருக்க கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். சூட்டின் அளவைப் பார்க்க, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து டெலிட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். ஹார்ட்வேர் மானிட்டர் என்ற பகுதியில் பிராசஸரின் வெப்பம் இருக்கும்.

அக்காவின் கம்ப்யூட்டரில் 91 டிகிரி. அறையில் 37 டிகிரி. ஏசி போட்டு அறையை 25-க்குக் கொண்டுவந்தால் 12 டிகிரி குறையும். பிராசஸரிலும் ஏறக்குறைய அதே அளவுதான் குறையும். அப்போதும் 79! ஆக, கோளாறு அறையில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது.

கேபினெட்டைத் திறந்தோம். ஹீட் சிங்க் இடுக்குகளில் கம்பளி போலத் தூசி. அறுவடை நேரத்தில் நெற்களத்திலிருந்து பறந்து வரும் தூசி எல்லாம் அங்கேதான் தங்கியிருந்தது. சுத்தம் செய்த பிறகு அதே பகல் வேளையில் பார்த்தால் 58 டிகிரி.

சுத்தம் செய்யும் முறை

1. வாரண்டி உள்ள கம்ப்யூட்டர் என்றால், திறக்கும் முன் வாங்கிய கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்துங்கள். மீதமுள்ள மின்சாரம் வெளியேறும்.

3. திண்ணைக்கு எடுத்துச் சென்று, காய்ந்த பெயின்ட் பிரஷ் அல்லது புளோயரால் தூசியை அகற்றுங்கள். ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள்.

4. சூடு குறையவில்லை என்றால் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.

5. சிபியுவைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, தரைக்குச் சற்று மேலே வையுங்கள். மேஜையின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள்.

அறையின் சூடு குறைய, மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மேற்கு ஜன்னலுக்குத் திரை போடுங்கள். ஏர் கூலரின் ஈரக் காற்று கம்ப்யூட்டர் மீது நேராகப் படக்கூடாது.

ஏசி எப்போது தேவை?

பத்து கம்ப்யூட்டர்கள் உள்ள பயிற்சி மையம் என்றால் கணக்கு மாறும். 10 x 512 = 5,120 பிடியூ. கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமே அரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஆட்களுக்கும் அறைக்கும் வேண்டியதை இதனுடன் கூட்ட வேண்டும்.

ஏசி போடுவதானால் எர்த்துடன் தனி லைனில் 16 ஆம்பியர் பாயின்ட் எடுங்கள். கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் ஏசியை இணைக்காதீர்கள். தண்ணீர் சொட்டலாம் என்பதால் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். 24 டிகிரி போதும், மின்கட்டணமும் குறையும்.

அக்காவின் அறையில் இப்போதும் ஏசி இல்லை. மாதம் ஒருமுறை பிரஷ்ஷும், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை கண்ட்ரோல் + எஸ் கீயும்தான். வளையல் அவர் கையிலேயே இருக்கிறது. நீங்களும் கடைக்குப் போகும் முன் பயாஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.