ஆங்கிலப் பத்தியில் முதலில் வினையைப் பிடியுங்கள்

கோத்தகிரியில் படுகர் வீட்டுப் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் படுக பாஷை, பள்ளிக்கூடத்தில் தமிழ், அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். கோத்தர், இருளர் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். அதனால் ஒரு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து விடை எழுதச் சொன்னால், பல பிள்ளைகள் கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, அது வரும் வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்கு அந்த வழி உதவாது.

இங்கே மாலை வகுப்பு எடுத்ததில் எனக்குத் தெளிவானது, பிள்ளைகளை மடக்குவது அருஞ்சொற்களைவிட வாக்கிய அமைப்புதான். ஊர்க்கதையிலிருந்தே ஒரு வரி: ‘சல்லிவன், ஹூ வாஸ் தி கலெக்டர் ஆஃப் கோயம்புத்தூர், பில்ட் எ பங்களா அட் கன்னேரிமுக்கு.’ 1819இல் நீலகிரிக்கு ஏறிவந்த ஜான் சல்லிவனைத் தெரியாத பிள்ளை இந்த ஊரில் குறைவு. அப்படியிருந்தும் ஒரு மாணவி கேட்டாள்: “சார், பங்களா கட்டினது கலெக்டரா, சல்லிவனா?”

நியாயமான கேள்வி. ‘கோவை கலெக்டராக இருந்த சல்லிவன்’ என்று தமிழ் விவரத்தை முன்னால் வைக்கும். ஆங்கிலம் பெயருக்குப் பின்னால் செருகும். சீன மொழியும் இதில் தமிழைப் போலத்தான். ‘காவ்காவ்’ என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 150 மதிப்பெண் ஆங்கிலத் தாளை எழுதும் சீன மாணவர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

பென்சிலை எடுத்து ‘ஹூ’விலிருந்து அடுத்த காற்புள்ளி வரை அடைப்புக்குள் போடச் சொன்னேன். மிஞ்சியது ‘சல்லிவன் பில்ட் எ பங்களா அட் கன்னேரிமுக்கு’. எழுவாய், வினை, செயப்படுபொருள் மூன்றும் கைக்கு வந்துவிட்டன. அடைப்புக்குள் உள்ளதை அதன்பிறகு நிதானமாகப் படிக்கலாம். காற்புள்ளிகளுக்கு இடையே ‘விச்’ வரும் இடங்களிலும் இப்படியே. தினம் ஒரு பத்தியில் இதைச் செய்துவந்தால், நாளடைவில் பென்சில் இல்லாமலே கண் அந்த வேலையைச் செய்யும்.

இன்னொன்று, பத்தியின் பொருள். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 பள்ளி மாணவர்களுக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எனவே லண்டன் பாலத்தைப் பற்றிய பத்தியில் பயிற்சியைத் தொடங்காதீர்கள். பச்சைத் தேயிலை தொழிற்சாலைக்குப் போய், வாடி, அரைபட்டு, நொதித்து, உலர்ந்து தூளாவதைப் பற்றிய ஆங்கிலப் பத்தியைக் கொடுங்கள். இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளும் வீட்டுப் பிள்ளை, தெரியாத சொல்லையும் இடத்தை வைத்தே ஊகித்துவிடும். ஊகித்த பிறகு அகராதியைத் திறக்கட்டும். ஒரு பத்திக்கு நாலைந்து சொல் போதும்.

தேர்வறையில் கேள்விகளை முதலில் படிப்பதா, பத்தியையா என்று பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். பத்தியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுக் கேள்விக்குப் போவதே நல்லது என்பேன். ‘பட்’, ‘ஹவெவர்’, ‘பிகாஸ்’ வரும் இடங்களில் மட்டும் கோடு போட்டால் போதும். ‘ஏன்’ கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு அருகிலேயே இருக்கும். வீட்டில் படிக்கப் புத்தகம் இல்லையென்றால், ப்ரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் கதையாகப் பார்த்து, முதலில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, சந்தேகம் வந்த பக்கத்தை மட்டும் தமிழில் பார்க்கச் சொல்லுங்கள்.